பழைய கெண்டீனை "மாணவர் மையம்" ஆக்கப் போகிறார்களாம்: என்ன கேட்கலாம்?

செராய்_பொண்ணு

வணக்கம். கெடாவில் பாடாங் செராய் பக்கம் ஒரு சின்ன தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கிறேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், தெரிந்தவர்களும் தயவுசெய்து எழுதாதீர்கள். விஷயம் இதுதான்: பழைய கெண்டீன், அதை ஒட்டிய நடைபாதை, நூலகத்தின் கீழ்த்தளம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே "மாணவர் மையம்" ஆக்கப் போகிறார்கள். படிக்க, சாப்பிட, உட்கார்ந்து பேச இனி அதுதான் இடம். வரைபடத்தை மாணவர் மன்றத்துக்கு அனுப்பி, கருத்து இருந்தால் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள்.

படத்தில் ஜோராகத்தான் இருக்கிறது. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஏர்கோன், ஒரு மூலையில் கோப்பிக் கடை, பீன் பேக், உயரமான ஸ்டூல், சுவரில் நியோன் விளக்கில் ஏதோ வாசகம். சோறு விற்கும் கடை எங்கே என்று தேடினேன், இல்லை. கோப்பிக் கடையிலேயே "சூடாக்கித் தரும் உணவு" என்று சின்னதாக எழுதியிருக்கிறது.

மன்றத்தில் பாதிப் பேர், நல்லாத்தானே இருக்கு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று சொல்லத் தெரியவில்லை. இந்த மாதிரி வேலையில் இருப்பவர்கள், கல்லூரி வாழ்க்கையைத் தாண்டி வந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

லுனாஸ்_மோட்டார்

பிளக். பிளக். பிளக். வேறு எதுவும் வேண்டாம். எங்கள் இடத்தில் ஒரு பிளக்குக்கு ஒரு எக்ஸ்டென்ஷன், அந்த எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், அதில் தொங்கும் ஏழெட்டு சார்ஜர். தீப்பிடிக்காமல் இருப்பது மாரியாத்தா புண்ணியம்.

கோடு_போடுறவன்

தங்கச்சி, நான் பினாங்கில் ஒரு கட்டட வரைவு ஆபீசில் வேலை செய்கிறேன். படத்தைப் பார்க்கவில்லை, நீங்கள் சொன்னதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, இப்போது பிள்ளைகள் எங்கே உட்காருகிறார்கள் என்று போய்ப் பாருங்கள். காலை 10 மணிக்கு, மத்தியானம் 1 மணிக்கு, சாயங்காலம் 5.30க்கு. வெயில் நாளில் ஒரு தடவை, மழை நாளில் ஒரு தடவை. யார் தனியாக, யார் கும்பலாக, யார் படியில், யார் மோட்டார் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 1970களில் வில்லியம் வைட் என்ற அமெரிக்கர் நியூயார்க் சதுக்கங்களில் கேமரா வைத்து இதைத்தான் செய்தார். சில சதுக்கங்கள் காலியாகக் கிடந்தன, சில நிரம்பி வழிந்தன. ஏன் என்று துருவிப் பார்த்தால், வடிவமைப்பின் அழகைவிட உட்கார இடம் இருக்கிறதா என்பதுதான் பெரிய காரணமாக நின்றது. இன்னொன்றையும் அவர் கவனித்தார். நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால் மனுஷன் அதைக் கொஞ்சமாவது நகர்த்தாமல் உட்காருவதில்லை. நகர்த்தி ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் நகர்த்துவான். ஆகவே தரையோடு போல்ட் அடித்த மேசை நாற்காலி வேண்டாம் என்று முதலில் எழுதுங்கள். திருட்டுப் போகும் என்பார்கள். நாலு நாற்காலி போனால் போகட்டும்.

அப்புறம் கண்ணாடி. எந்தத் திசையைப் பார்த்திருக்கிறது என்று கேளுங்கள். மேற்கு என்றால் 3 மணிக்கு மேல் அந்தப் பக்கம் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள். உடனே பிளைண்ட்ஸ் போடுவார்கள், பிளைண்ட்ஸை எப்போதும் இறக்கியே வைப்பார்கள், உள்ளே பகலிலும் விளக்கு எரியும். கண்ணாடிக்குக் கொடுத்த காசு எங்கே போனது? ஐந்தடிக்குக் குறையாமல் கூரையை வெளியே நீட்டினால் வெயிலும் கொஞ்சம் குறையும், சாரலும் குறையும். அந்த நிழலில் பெஞ்சு போட்டால் அது ஒரு தனி இடம்.

நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. பேராக், ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், பழைய ஈயச் சுரங்க நிலத்தில் கட்டியது. பிரிட்டனின் ஃபோஸ்டர் கட்டடக்கலை நிறுவனமும் உள்ளூர் ஜி.டி.பி. நிறுவனமும் சேர்ந்து வடிவமைத்தார்கள், 2007இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. பிறை மாதிரி வளைந்த பெரிய கூரை, அதன் கீழே நடைபாதை. சாயங்காலம் கொட்டுகிற மழையிலும் பிள்ளைகள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நனையாமல் போகலாம். அவ்வளவு பணம் உங்கள் கல்லூரியிடம் இருக்காது. ஆனால் முதலில் கூரை, பிறகு சுவர் என்ற யோசனைக்குக் காசு வேண்டாமே.

உயரமான ஸ்டூலைப் பற்றியும் ஒரு வார்த்தை. சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளை அங்கே என்ன செய்யும்? கால் சுளுக்கியவர், கர்ப்பிணி லெக்சரர்? சாதாரண உயர மேசைகள் நிறைய இருக்கட்டும், ஸ்டூல் ஓரத்தில் ஒரு வரிசை போதும். வாசலில் படி இருந்தால் சாய்தளம் கேளுங்கள். ஓர் அடி ஏற 12 அடி நீளம், அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் தள்ளிக்கொண்டு போகிறவருக்கே மூச்சு வாங்கும்.

நியோன்_ரசிகை

எல்லாரும் கண்ணாடியையும் பீன் பேக்கையும் திட்டப் போகிறீர்கள் என்று தெரியும், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கும் அழகான இடம் வேண்டாமா? எஸ்டேட் தோட்டத்துப் பக்கம் கல்லூரி என்றால் பிளாஸ்டிக் நாற்காலியும் டியூப் லைட்டும்தானா? கோலாலம்பூரில் படிக்கிற என் சித்தி மகள் போடுகிற படங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஏர்கோன் வேண்டும், நியோனும் வேண்டும். படம் எடுத்துப் போடுவேன், அதில் என்ன தப்பு?

கோடு_போடுறவன்

ஒரு தப்பும் இல்லை. அழகு வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தில் 2015இல் ஒரு கட்டடம் திறந்தார்கள், 56 வகுப்பறை, ஒன்றிலும் மூலையே கிடையாது, எல்லாம் வட்ட வட்டமாக. ஊர்க்காரர்கள் அதை "டிம் சம் கூடை" என்று கிண்டல் பண்ணினார்கள். ஆனால் கண்ணுக்காக மட்டும் அப்படிச் செய்யவில்லை. அறைக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லாவிட்டால் கடைசி பெஞ்சும் இருக்காது என்பதுதான் கணக்கு. அழகுக்குப் பின்னால் ஒரு வேலை இருந்தால் நானே கை தட்டுவேன். நியோன் வாசகத்துக்கு என்ன வேலை?

நியோன்_ரசிகை

என்னைச் சந்தோஷப்படுத்துகிற வேலை.

லுனாஸ்_மோட்டார்

அண்ணே, இதுக்குப் பதில் சொல்ல முடியாது, விட்டுடுங்க.

கண்ணம்மா_கடை

நான் ஒட்டுக்கடை வைத்திருக்கிறேன். முன்னால் ஒரு கல்லூரியில் கெண்டீன் எடுத்து நடத்தியவள். எந்தக் கல்லூரி என்பது இப்போது முக்கியமில்லை. அந்தப் பக்கத்துக் கதையையும் கேளுங்கள், ஏனென்றால் கெண்டீன்காரியை எல்லாரும் திட்டுவார்கள், கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

மூன்று மணிக்கே கடையை மூடுகிறாள் என்று பிள்ளைகள் குறை சொல்வார்கள். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் நாலு பேர் வருவான், ஒருத்தன் தே ஓ ஐஸ் வாங்கி ரெண்டு மணி நேரம் உட்காருவான். அதற்காக ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுத்து, கேஸ் எரிய விட்டுக்கொண்டு இருக்க முடியுமா? வாடகையோ மாசா மாசம் ஒரே தொகை. செமஸ்டர் லீவில் ஒரு காக்கா கூட வராது, வாடகை மட்டும் வரும். அதனால் கடைக்காரர் என்ன செய்வார்? விலையை ஏற்றுவார், இல்லை துண்டு மீனைச் சின்னதாக்குவார். பிறகு பிள்ளைகள் வெளியே போய்ச் சாப்பிடும். பிறகு கடை நட்டம். பிறகு "யாரும் எடுக்க வரவில்லை, அதனால் கோப்பிக் கடை போடுகிறோம்" என்பார்கள். இப்படித்தான் உங்கள் படத்தில் சோற்றுக்கடை காணாமல் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் மன்றத்தில் கேட்க வேண்டியது வாடகை முறை. அடிப்படை வாடகை குறைவாக, அதற்கு மேல் வியாபாரத்தில் ஒரு பங்கு. லீவு மாதத்துக்கு வாடகை இல்லை. இதைச் செய்தால் விலையைப் பிடித்து வைக்கலாம். 2023 ஜனவரி கடைசியில் அரசாங்கம் மெனு ரஹ்மா என்று 5 வெள்ளிக்குச் சாப்பாடு கொண்டுவந்தது, ஞாபகம் இருக்கும். சோறு, ஒரு கறி, ஒரு காய். வாடகையைத் தலையில் வைத்துவிட்டு மலிவாகப் போடு என்றால் யாரால் முடியும்?

இன்னொன்று. ஒரே பெரிய கடை வேண்டாம். ரெண்டு சின்னக் கடை. ஒன்றை மலாய்க்காரர் நடத்தட்டும், முஸ்லிம் பிள்ளைகள் மனசுத் தயக்கம் இல்லாமல் சாப்பிடும். இன்னொன்றில் நம் சாப்பாடு, தோசை, சைவம், மாட்டிறைச்சி கிடையாது, கரண்டியும் சட்டியும் தனி. புரட்டாசி மாசம் வந்து பார்த்தால் தெரியும், சைவத்துக்கு எவ்வளவு பேர் வரிசை நிற்கிறார்கள் என்று. நோன்பு மாசத்தில் ஒரு கடை மூடினாலும் இன்னொன்று ஓடும், மற்றப் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டாம்.

சமையல்கட்டை வரைபடத்தில் கவனியுங்கள். "சூடாக்கித் தருவது" என்றால் அங்கே அடுப்பு, புகை போக்கி, கிரீஸ் டிராப் (கழுவுநீரில் எண்ணெயைப் பிடித்து வைக்கும் தொட்டி) ஒன்றும் இருக்காது. பின்னால் மனசு மாறிச் சோற்றுக்கடை போடலாம் என்றாலும் முடியாது, தரையை உடைத்துக் குழாய் போட வேண்டி வரும். இப்போதே குழாயையும் வடிகாலையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கடையை யாருக்குக் கொடுத்தாலும், வேலை செய்கிறவர்களுக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் சட்டப்படி கட்டாயம், 2009 உணவுச் சுகாதார விதிமுறையிலேயே இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

சாயங்காலத்துக்கு முழுச் சமையல் தேவையில்லை. நாலு மணியிலிருந்து ரொட்டி, மேகி கோரெங், தே தாரிக், அவித்த முட்டை. ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

மூலை_மேசை

அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எல்லாரும் வாங்கித்தான் சாப்பிடுவார்கள் என்று ஏன் முடிவு செய்கிறார்கள்? நான் வீட்டிலிருந்து டப்பாவில் சோறு கொண்டு போகிறவன். கோப்பிக் கடை வந்தால் முதலில் வரும் போர்டு "வெளி உணவு அனுமதி இல்லை". எங்கள் கல்லூரியில் அந்தப் போர்டு தொங்கிய நாளிலிருந்து நாங்கள் கார் பார்க்கில்தான் சாப்பிட்டோம். ஒரு மைக்ரோவேவ், ஒரு வெந்நீர்க் குழாய், கை கழுவ ரெண்டு பேசின், எதையும் வாங்காமல் உட்காரலாம் என்ற அனுமதி. இவ்வளவுதான்.

தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு எட்டுப் பேர் வட்ட மேசை ஒரு தண்டனை. ஜன்னலைப் பார்த்த மாதிரி ஒரு நீளப் பலகை போட்டால் யாருக்கும் நான் தனியாக இருக்கிறேன் என்று தெரியாது.

ஓய்வு_நூலகர்

நல்ல விவாதம். நூலகத்தின் கீழ்த்தளத்தையும் இதில் சேர்த்துவிடுகிறார்கள் என்ற வரியைப் படித்ததும் எனக்குப் பகீர் என்றது. அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நூலகத்தில் பேச இடம், கணினி, கோப்பி எல்லாம் கொண்டுவரும் போக்கு 1990களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகம் 2006இல் சால்டையர் சென்டர் என்ற கட்டடத்தைத் திறந்தது. கீழ்த்தளத்தில் கோப்பி, அரட்டை, கூட்டம். மாடி ஏற ஏறச் சத்தம் குறையும், மேலே போனால் மௌனம். இந்த மாதிரி இடங்களைப் பார்த்துவிட்டு வேறு நூலகங்களிலும் கோப்பிக் கடை போட்டார்கள். பலர் கீழ்த்தளத்தை மட்டும் நகல் எடுத்தார்கள், மேல்தளத்தை மறந்துவிட்டார்கள். சத்தத்துக்கு இடம் கொடுக்கலாம், ஆனால் அதற்கு ஈடாக மௌனத்துக்கும் கதவு போட்ட இடம் கொடுக்க வேண்டும். திரை போதாது, செடித் தொட்டி போதாது.

ஏன் என்றால், படிக்கிறவருக்கு வெறும் இரைச்சல் அவ்வளவு தொந்தரவு இல்லை. மின்விசிறி ஓடும், மழை பெய்யும், காது பழகிவிடும். பக்கத்து மேசையில் புரிகிற மொழியில் யாராவது கதை சொன்னால்தான் வாக்கியம் கைநழுவும். அரைகுறையாகக் காதில் விழும் பேச்சு இன்னும் மோசம். அதனால் பேசும் இடத்துக்கும் படிக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு, முடிந்தால் ஒரு சின்ன நடைபாதை வேண்டும்.

சாப்பாட்டுக்கூடத்துக்கும் ஒரு வார்த்தை. 1911இலேயே லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் சொன்னது: சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னையறியாமல் குரலை உயர்த்துவார். ஒருவர் உயர்த்த, பக்கத்து மேசையும் உயர்த்தும், அப்படியே ஏறிக்கொண்டு போகும். டைல் தரை, கண்ணாடிச் சுவர், சிமெண்ட் கூரை என எல்லாமே கெட்டியாக இருந்தால் சத்தம் போய் ஒடுங்க இடமே இல்லை. கூரையில் சத்தத்தை உறிஞ்சும் பலகை போடுங்கள். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அதனாலேயே பட்ஜெட் குறையும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான். வெட்ட விடாதீர்கள்.

ஷிப்ட்_அப்பா

நான் கூலிம் ஹைடெக் பார்க்கில் பேக்டரியில் ஷிப்ட் வேலை. பல வீடுகளில் நிலைமை என்ன என்று சொல்கிறேன். ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுப்பேன். சின்ன வீடு, ரெண்டு ரூம். லீவு நாளில் பிள்ளை பகலில் புத்தகத்தைத் திருப்பினாலே எனக்கு விழிப்பு வந்துவிடும், அதற்குப் பயந்து அது குசினியில் உட்கார்ந்து படிக்கும். எங்கள் அப்பா காலத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டு. இருட்டிலேயே மரத்துக்குப் போனால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால் எட்டரைக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள். நான் தெரு விளக்கில்தான் படித்தேன். வேலை மாறியது, வீட்டில் படிக்க இடமில்லாதது மாறவில்லை.

அதனால் எனக்கு அந்தக் கட்டடம் எப்படி இருக்கிறது என்பதைவிட எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். அஞ்சு மணிக்குப் பூட்டினால் தங்கத்தில் கட்டினாலும் என் பிள்ளைக்குப் பிரயோசனம் இல்லை. ஆனால் ராத்திரி வரை இருந்தால் எப்படி வீட்டுக்கு வரும்? பொம்பளப் பிள்ளை. பஸ் நிறுத்தம் வரைக்கும் வெளிச்சம் வேண்டும், கார்டு வேண்டும். கடைசி பஸ் போய்விட்டால் கிரேப் வாடகைக் கார், அதற்கு ஒவ்வொரு நாளும் யார் காசு கொடுப்பது?

கிராணி_மகன்

எனக்கு 70 தாண்டிவிட்டது, தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டம் என்பதே ஒரு பிளான்தான். துரை பங்களா மேட்டில், கீழே கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீடு, அதற்கும் கீழே தொழிலாளர் லயம் வரிசை வரிசையாக. எல்லாம் மேலேயிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றால் யார் வந்தான், யார் வரவில்லை என்று ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். ஆனால் ஜனங்கள் சந்தோஷமாகக் கூடினது அங்கே இல்லை. கோயில் வாசல், பந்து விளையாடுகிற திடல், மளிகைக் கடைத் திண்ணை, தண்ணீர்க் குழாயடி. அதையெல்லாம் யாரும் "கூடும் இடம்" என்று பிளான் போடவில்லை. நிழல் இருந்தது, உட்காரத் திண்ணை இருந்தது, ஏதாவது ஒரு வேலையாக அங்கே போக வேண்டியிருந்தது, விரட்ட ஆள் இல்லை.

உங்கள் கல்லூரி முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைப்பது எனக்கு அந்த மேட்டு பங்களாவைத்தான் நினைவுபடுத்துகிறது. உள்ளே இருக்கிற பிள்ளை வெளியே பார்க்கவா, வெளியே போகிற முதல்வர் உள்ளே பார்க்கவா?

நியோன்_ரசிகை

தாத்தா, கேட்டீங்களே ஒரு கேள்வி! ஆனால் ஷிப்ட் அங்கிள் சொன்ன பாதுகாப்புக்கு அதே கண்ணாடி உதவும் இல்லையா? ராத்திரி எட்டு மணிக்கு நான் உள்ளே தனியாக இருந்தால் வெளியே கார்டுக்குத் தெரிய வேண்டும்.

கோடு_போடுறவன்

ரெண்டு பேருமே சரி. இடுப்பு உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கண்ணாடி. கார்டுக்குத் தலை தெரியும், பிள்ளை என்ன எழுதுகிறது, காலை எப்படி மடக்கி உட்கார்ந்திருக்கிறது என்பது தெரியாது. செலவும் குறையும்.

ஏர்கோன் சண்டைக்கும் வழி இருக்கிறது. கதவு போட்ட படிப்பு அறைக்கு மட்டும் ஏர்கோன், சாப்பாட்டுக் கூடத்துக்குப் பெரிய மின்விசிறி. காற்று மேலே பட்டாலே உடம்புக்கு 2, 3 டிகிரி குறைந்த மாதிரி தெரியும். மலேசியத் தரக்குறிப்பு எம்.எஸ். 1525 சொல்வதே 24 முதல் 26 டிகிரி. நம் ஆட்கள் 18இல் வைத்துவிட்டு உள்ளே ஜெக்கெட் போட்டு உட்காருவார்கள். அறை சின்னதாக இருந்தால் மின்கட்டணமும் சின்னது, ராத்திரி ஒன்பது வரை திறந்து வைக்க நிர்வாகத்துக்கு மனசு வரும். முழு மண்டபத்தையும் குளிர வைக்கும் படம் போட்டால் அஞ்சு மணிக்கே சுவிட்சை அணைத்துவிடுவார்கள். படிப்பு மேசையில் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும், போனிலேயே ஏறக்குறைய அளந்து பார்க்கலாம்.

செராய்_பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் சொன்ன மாதிரி மன்றத்து ஆட்கள் சேர்ந்து சுற்றிப் பார்த்து எழுதினோம். பார்த்ததை அப்படியே போடுகிறேன்.

காலையில் எல்லாம் சிதறி இருக்கிறார்கள், சொல்ல ஒன்றும் இல்லை. மத்தியானம் கெண்டீன் நிரம்பினாலும் சுவர் ஓரம்தான் முதலில் நிரம்புகிறது, நடுமேசை கடைசியில். தூங்குமூஞ்சி மரத்தடி சிமெண்ட் மேசைதான் எல்லாருக்கும் பிடித்த இடம், மழை தூறினதும் ஒரே நிமிஷத்தில் காலி. சாயங்காலம்தான் எங்களையே அசத்தியது. கெண்டீன் ஷட்டர் இறங்கியதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்திருந்தோம். போகவில்லை. கார்டு கொட்டகை பக்கத்துப் படியில் நிறைய பேர், ஏனென்றால் அங்கே விளக்கு இருக்கிறது, வைஃபையும் வருகிறது. நடைபாதையில் தண்ணீர் கூலருக்குப் பின்னால் ஒரு பிளக் இருக்கிறது. ஒரு அக்கா கூலரின் வயரைப் பிடுங்கிவிட்டு அதில் லெப்டாப்பைச் சொருகி, தரையில் கோப்பு அட்டையை விரித்து உட்கார்ந்து அசைன்மெண்ட் டைப் பண்ணிக்கொண்டிருந்தார். யாராவது தண்ணீர் பிடிக்க வந்தால் "வெந்நீர் இல்லை, பச்சைத் தண்ணி மட்டும்தான்" என்று அவரே சொல்லி அனுப்புகிறார். தம்பியைப் பேக்டரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வரும் அப்பாவுக்காகக் காத்திருக்கிறாராம்.

மோட்டார் கொட்டகையில் டப்பா சோறு சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். மூலை மேசை அண்ணா, உங்கள் ஆட்கள் இங்கேயும் உண்டு.

படத்தில் இந்த சாயங்காலம் எங்கேயும் இல்லை. அதனால் கடிதத்தில் மற்றதையெல்லாம் பின்னால் தள்ளிவிட்டு, ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும், சாயங்காலம் வயிற்றுக்கு ஏதாவது கிடைக்க வேண்டும் என்பதை முதலில் வைத்தோம். பிறகுதான் கதவு போட்ட படிப்பு அறை, பிளக், நீட்டின கூரை, வெளி உணவு அனுமதி, ரெண்டு கடை, வாடகை முறை. நியோனைப் பற்றி எதிர்த்து எழுதவில்லை (நியோன்_ரசிகைக்காக).

லுனாஸ்_மோட்டார்

அந்த கூலர் அக்காவைப் பார்த்தாவது பிளக் போடுங்கப்பா. ஒவ்வொரு மேசைக்கும் 13 ஆம்பியர் பிளக் ரெண்டு, தரையில் இல்லை, மேசை உயரத்தில். தரையில் வைத்தால் மாப் போடும்போது தண்ணீர் போகும்.

ஓய்வு_நூலகர்

ஒன்பது மணி என்றால் யார் சாவி வைத்திருப்பார் என்பதையும் எழுதுங்கள். நூலக ஊழியரை இருக்க வைத்தால் ஓவர்டைம், நிர்வாகம் மறுக்கும். புத்தகப் பகுதியைத் தனியாகப் பூட்டி, படிப்பு அறைக்கு வெளிப்பக்கமாகத் தனி வாசல் வைத்தால் கார்டு ஒருவரே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தனி வாசல் இப்போதே வரைபடத்தில் வந்தாக வேண்டும், சுவர் எழும்பிய பிறகு வராது.

செராய்_பொண்ணு

கூட்டம் முடிந்தது. சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

தனி வாசலை உடனே ஒப்புக்கொண்டார்கள், ஐயாவுக்கு நன்றி. பிளக்கும் சரி. இடுப்புச் சுவர் யோசனை அவர்களுடைய வரைவாளருக்கே பிடித்துவிட்டது. ஒன்பது மணி இப்போதைக்குப் பரீட்சை மாதத்தில் மட்டும், மற்ற நாளில் ஏழு. பஸ் நிறுத்தம் வரை விளக்கு போடுவது நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு என்று சொல்லிவிட்டார்கள், எங்கள் வேலிக்குள் மட்டும் போடுவார்களாம். ஷிப்ட் அங்கிள், மன்னிக்கவும், அதில் பாதிதான் கிடைத்தது.

வெளி உணவுக்குச் சண்டை நடந்தது. கோப்பிக் கடைக்காரர் ஒப்பந்தத்தில் அது இருக்கிறதாம். கடைசியில் கடையைச் சுற்றிய மேசைகளுக்கு மட்டும் அந்த விதி, மற்ற இடம் பொது என்று முடிவானது. எந்த மேசை எதற்குச் சொந்தம் என்று கோடு எங்கே விழும் என்பதைப் படத்தில் குறிக்கச் சொல்லியிருக்கிறோம். சோற்றுக்கடை ஒன்றுதான், ரெண்டு இல்லை. வாடகையில் பங்கு முறையைக் கணக்காளரிடம் கேட்டுச் சொல்கிறார்களாம்.

சத்தம் உறிஞ்சும் கூரைப் பலகை "இரண்டாம் கட்டத்தில்" என்று வந்திருக்கிறது.

ஓய்வு_நூலகர்

இரண்டாம் கட்டம் என்றால் வராது. பீன் பேக்கை இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவிட்டுப் பலகையை முதலில் போடச் சொல்லுங்கள்.

கண்ணம்மா_கடை

ஒரு கடைதான் என்றால் சைவச் சட்டியும் கரண்டியும் தனி என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வையுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். கிரீஸ் டிராப் படத்தில் வந்துவிட்டதா? டெண்டர் எப்போது விடுகிறார்கள்?

செராய்_பொண்ணு

அக்கா, கிரீஸ் டிராப் இன்னும் வரவில்லை, வடிகால் கோடு மட்டும் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை திருத்திய படம் தருவார்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். டெண்டர் செமஸ்டர் லீவுக்கு முன்னால் விடுவார்களாம். நீங்கள் போடப் போகிறீர்களா?

கண்ணம்மா_கடை

வாடகை முறை என்ன என்று தெரியட்டும், அப்புறம் சொல்கிறேன்.